குரல் கொடுத்து நடந்தவர்

"உக்காந்திருக்கறேன். கை ரெண்டும் மடியில இருக்குது. நீ உள்ள வா."

அவர் என்னிடம் முதன்முதலில் பேசியது இதுதான். நான் பையோடு அறைவாசலில் நின்றிருந்தேன். கட்டிலில், சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்த அந்த மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்துப் பேசினார். உள்ளே நுழைந்ததும், "பைய மெதுவா வெய்யி. தொப்புனு போட்டுறாத" என்றார். சத்தம் வராமல் வைத்தேன்.

கொல்லிமலையில் வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே இருந்தது அந்த இல்லம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், போலீஸ்காரர்கள், தீயணைப்புப் படையில் இருந்தவர்கள், என்னைப் போல ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டோம். எல்லோரும் குடிக்கோ மாத்திரைக்கோ அடிமையாகி வந்தவர்கள். கொஞ்சம் கிளறினால், அடியில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு காட்சி இருக்கும். நான் விபத்து நடந்த இடங்களில் ஆட்களை வண்டிக்குள் ஏற்றி முதலுதவி செய்கிற வேலையில் இருந்தேன். கண்ணை மூடினால் வருகிற முகங்களுக்காக மாத்திரை போட ஆரம்பித்து, மாத்திரை இல்லாமல் வண்டியில் ஏறவே முடியாது என்கிற நிலைக்கு வந்திருந்தேன். காரவள்ளியிலிருந்து பஸ் மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே வந்தவன், இப்போது இந்த அறையில் நின்றேன்.

இல்லத்தை நடத்திய டாக்டரம்மா என்னை அறைக்கு அனுப்பும் முன்பே ஒரு விஷயம் சொல்லியிருந்தார்.

"அவர் தூங்கும்போது தொடாதீங்க. எழுப்பணும்னா கதவுகிட்டயே நின்னு, உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. அவர் கண்ணு முழிச்சு உங்க பேரத் திருப்பிச் சொல்லணும். அப்புறம் உள்ள போங்க."

"தெரியாமத் தொட்டுட்டா?"

"தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் அவரை மிலிட்டரிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் குட்டை, ஒல்லி. முழங்கைக்குக் கீழே மட்டும் வேறொரு பெரிய ஆளிடமிருந்து எடுத்து வைத்ததுபோல கைகள். அவர் எதைச் செய்தாலும் முதலில் வாயால் சொல்லிவிடுவார். "எந்திரிக்கறேன்" என்பார், எழுந்திருப்பார். "கதவத் தொறக்கறேன்." "ஒம் பின்னால போறேன் தம்பி, திரும்பாத." சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரும்போது வழியெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டே வருவார்: "வாரேன், எடது பக்கம் வாரேன்." பஸ் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் சொல்வது மாதிரி இருக்கிறது என்று கூடத்தில் சிரித்தார்கள். நானும் சிரிப்பேன். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினால் எனக்குச் சிரிப்பு வராது. இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிற ஏதோ ஒன்று அந்த உடம்புக்குள் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியும். அது என்ன என்று தெரியாது.

ஒரு நாள் துணிந்து கேட்டேன், எதற்கு இப்படி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று.

"சத்தமில்லாம வாரவங்க ரெண்டே பேருதான் தம்பி" என்றார். "ஒண்ணு எதிரி. இன்னொண்ணு நானு."

மாத்திரையை நிறுத்திய முதல் நாட்களில் என் உடம்பு உதறியது. வியர்த்தது, குளிர்ந்தது, கட்டில் கால் தரையில் தட்டுகிற அளவுக்கு நடுங்கினேன். சுவரிலிருந்து ஆட்கள் இறங்கி வருவது போலிருந்தது. யார் அருகில் வந்தாலும் அலறினேன். அவர் வந்தபோது மட்டும் அலறவில்லை என்று பிறகு நர்ஸ் சொன்னார். அவருடைய குரல் எனக்கு நினைவிருக்கிறது. "பக்கத்துல வாரேன் தம்பி. துணி நனைச்சிருக்கறேன், சில்லுனு இருக்கும். இப்ப நெத்தியில வெக்கறேன். எடுக்கறேன். மறுபடி வெக்கறேன்." கை வருவதற்கு முன்பே குரல் வந்துவிடுவதால் அந்தக் கை என்னைப் பயமுறுத்தவில்லை. வாந்தி எடுத்ததையும் அவரேதான் துடைத்தார். அதையும் சொல்லிச் சொல்லித்தான் துடைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு அவர் மேல் ஒட்டுதல் வந்துவிட்டது. பயமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன.

அங்கே ஒரு போலீஸ்காரர் இருந்தார், ஏட்டாக இருந்து சஸ்பெண்ட் ஆனவர். கேலிக்காரர். மிலிட்டரிக்காரரைப் போலவே பேசிக் காட்டுவார்: "தும்மப் போறேன். தும்மிட்டேன்." மிலிட்டரிக்காரரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு காலையில் தண்ணீர்த்தொட்டி அருகே எல்லோரும் பல் விளக்கிக்கொண்டிருந்தோம். போலீஸ்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று புரிந்து நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து போய் மிலிட்டரிக்காரரின் கண்களைப் பொத்திவிட்டார்.

நடந்ததை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கும்போது போலீஸ்காரர் ஈரத்தரையில் மல்லாந்து கிடந்தார். மிலிட்டரிக்காரரின் முழங்கால் அவர் நெஞ்சில், முன்கை அவர் தொண்டையில். சத்தமே இல்லை. அடிக்கிறவன் திட்டுவான், மூச்சு வாங்குவான். இவர் எதுவும் செய்யவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை. கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவற்றில் எங்களில் யாரும் இல்லை. போலீஸ்காரரின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. எத்தனையோ உதடுகள் அப்படி நிறம் மாறுவதை வண்டிக்குள் பார்த்தவன் நான்.

இரண்டு பேர் பிடித்து இழுக்க ஓடினார்கள். "தொடாதீங்க" என்று கத்தினேன். பிறகு தள்ளி நின்று, கத்தாமல் பேசினேன். என் பெயரைச் சொன்னேன். "உங்க ரூமுல இருக்கற ஆளுங்கய்யா. இது கொல்லிமல. காலைல பல்லு வெளக்கீட்டு இருக்கறோம். கீழ கெடக்கறது நம்ம ஏட்டய்யா. கைய எடுங்க." திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். எந்த முறை அது அவர் காதில் விழுந்தது என்று தெரியாது. உதடு அசைந்து என் பெயரைச் சொன்னார். கையை எடுத்தார்.

போலீஸ்காரர் இருமி இருமி எழுந்து உட்கார்ந்தார். பிழைத்துக்கொண்டார். மிலிட்டரிக்காரர் தொட்டியோரமாகப் போய் வாந்தி எடுத்தார். அங்கிருந்து நேராக டாக்டரம்மாவிடம் போய் நின்று, "என்னையப் பூட்டி வெச்சுருங்கம்மா" என்றார்.

"பூட்டி வெச்சா எத்தன நாளைக்கு வெப்பேன்?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஒருக்கா புடிச்சா நானாக் கைய எடுத்ததே இல்லைன்னு சொன்னீங்களே. இன்னைக்கு எடுத்தீங்க இல்ல? அதப் பத்திப் பேசலாம், உக்காருங்க."

அவர் சமாதானம் ஆகவில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் ஒரு துண்டை என்னிடம் நீட்டி, மணிக்கட்டைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். நான் முடியாது என்றேன். "எனக்காவக் கேக்கல தம்பி. நீ தூங்கோணும்ல" என்றார். டாக்டரம்மா வந்து துண்டை வாங்கிக்கொண்டு போனார். அன்று நாங்கள் இருவருமே தூங்கவில்லை.

இல்லத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகச் சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திக் குடிப்பதுண்டு. காலி பாட்டில்களை வேலிக்கு மேலே எறிந்துவிட்டுப் போவார்கள். சில நேரம் காலியாக இல்லாத பாட்டிலும் வந்து விழும். பனி இறங்கி முற்றமே தெரியாத ஒரு பகலில், நான் இல்லத்துச் சிகிச்சை வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பினேன். வழக்கமாக வாசலிலேயே, "உள்ள இருக்கறேன்" என்று குரல் வரும். அன்று வரவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. என் பெயரைச் சொன்னேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்து மூச்சு மட்டும் கேட்டது.

ஓடியிருக்க வேண்டும். வாசலிலேயே நின்றேன்.

"தம்பி" என்றார் கடைசியில். "கதவுக்குப் பின்னால நிக்கறேன். கைல பாட்டல் இருக்குது."

கதவைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் மூலையில் நின்றிருந்தார். பாட்டிலின் கழுத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. மூடி திறந்திருந்தது.

"குடிக்கல" என்றார். "ஆனாக் கீழ வெக்க முடியல. இத நீ வந்து வாங்கிக்கோணும். மெதுவா வா. என்ன பண்றயோ அத வாய் உட்டுச் சொல்லீட்டே வா. நாஞ் சொல்ற மாதிரி."

அந்தக் கையின் பிடியைத் தொண்டையில் வாங்கிய மனிதரை நான் பார்த்திருந்தேன். அந்தக் கையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடுங்க வேண்டும். "வாரேங்க" என்றேன். "பக்கத்துல வந்துட்டேன். வலது கைய நீட்டறேன். பாட்டலோட அடியத் தொடறேன். இப்ப உங்க வெரல ஒண்ணொண்ணா எடுக்கறேன்." சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு விரலும் சிலிர்த்தது. கடைசி விரல் விட்டதும் அவர் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

ரம்மின் வாடை என் மூக்குக்கும் ஏறியது. அதைக் கொட்டுவதற்குத் தைரியமில்லாமல் கையை நீட்டிப் பிடித்தபடி டாக்டரம்மாவிடம் ஓடினேன். போகும்போதும், "போறேங்க, வெளிய போறேங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவருடைய சொந்த ஊர் வேறெங்கோ இல்லை, அதே மலையில், குண்டனி நாடு என்கிற பகுதியில்தான். பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மனைவி அங்கே தனியாக மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பக்கத்தில் இருந்தும் அவர் ஏன் ஒருமுறைகூடப் போகவில்லை என்று எங்களுக்குப் புரியவில்லை. பாட்டில் சம்பவத்துக்குப் பிறகு, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற நேரத்தில், ஒரு நாள் அவரே சொன்னார். அதுவரை, "இன்னிக்கு ஒண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொல்லிவந்தவர்.

"எல்லையில ஒருக்கா, எனக்குப் பக்கத்துல படுத்திருந்தவன் சத்தமே இல்லாமப் போயிட்டான். எந் தோள்ல ஒரு கை உழுந்துச்சு. அவங் கையின்னு நெனச்சேன். அவங் கை இல்ல." அந்தக் கை யாருடையது, அவர் என்ன செய்தார் என்று சொல்லவில்லை.

"பென்சன் வாங்கி ஊட்டுக்கு வந்தேன். குடிச்சாத்தான் தூக்கம். ஒரு நா மத்தியானம் சாப்புட்டுப் படுத்திருக்கறேன். அவ காப்பி கொண்டாந்து தோளத் தொட்டுருக்கறா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கண்ணு தெளிஞ்சப்ப அவ செவுத்தோரம் கெடக்கறா. காதுல ரத்தம். ஆஸ்பத்திரியில, மொளகு பறிக்கறப்ப ஏணியில இருந்து உழுந்துட்டேன்னு சொன்னா. ஊருக்கும் அதையேதான் சொன்னா. அந்த எடது காது இன்னிக்கு வரைக்கும் கேக்காது. என்னைய ஒரு வார்த்த கேக்கல. அன்னையில இருந்து எங்கிட்ட வாரப்ப மட்டும் செவுத்த ஒட்டியே வாரா. அதப் பாக்க முடியாமத்தான் இங்க வந்து சேந்தேன்."

சிகிச்சை முடியும் முன்பு ஒரு நாள் வீட்டுக்குப் போய்வர அனுப்புவார்கள். துணைக்கு ஒருவர் கூடப் போக வேண்டும். அவர் என்னைக் கேட்டார். நான் தயங்கினேன்.

"எனக்குத் துணைக்கு இல்ல தம்பி" என்றார். "நீ ஆம்புலன்ஸ்காரன். எதாச்சும் ஆச்சுன்னா அவளப் பாத்துக்குவே."

பஸ்ஸில் அடிபட்ட ஒருவரை எப்படித் தூக்க வேண்டும், அந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று என் புத்தி தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே அப்படி நினைத்தேன்.

கிழங்குக் காட்டு ஓரத்தில் ஓட்டு வீடு. முற்றத்தில் பாயை விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். ஒரு அம்மா எங்களுக்கு இடது தோளைக் காட்டி உட்கார்ந்து, காம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மிலிட்டரிக்காரர் வேலிப்படலுக்கு வெளியே நின்று, "வாரேன்" என்றார். அந்த அம்மா திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். அதற்கும் திரும்பவில்லை. அவர் ஓரடி முன்னால் வைத்து, பின்னாலேயே இழுத்துக்கொண்டார். எதைச் சொல்லிப் பழகினாரோ அது அவர் சொல்ல வேண்டியவருக்குக் கேட்கவில்லை.

நான் சுற்றிப் போய் வலது பக்கமாக நின்றேன். "யாருங்க தம்பி?" என்று அந்த அம்மா நிமிர்ந்தார். பிறகு படலுக்கு அப்பால் நிற்கிறவரைக் கண்டார். எழுந்து, அடி மேல் அடி வைத்துப் பின்னால் போய், வீட்டுச் சுவரில் முதுகு முட்டியதும் நின்றார். அங்கே நின்றுகொண்டுதான், "வாங்க" என்றார்.

சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். தட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு அந்த அம்மா விலகிய பிறகு, மிலிட்டரிக்காரர், "எடுக்கறேன்" என்று சொல்லி எடுத்தார். வீட்டுக்குள் போகவில்லை. இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் மிளகு விலையும், பன்றி கிழங்கைத் தோண்டிப் போட்டதும்தான். சாப்பிட்டு முடித்துப் பலாமரத்தடியில் சாய்ந்தவர், எங்கள் இருவருக்கும் தெரியாமல் தூங்கிப்போனார்.

முதலில் பார்த்தது அந்த அம்மாதான். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன். அதே மத்தியானம், அதே சாப்பாட்டுத் தூக்கம். மலைக்கு அந்தப் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்தது. நாங்கள் அவசர அவசரமாக மிளகை அள்ளி உள்ளே போட்டோம். தூறல் விழ ஆரம்பித்தது.

"நாங் கூப்பிடறேங்க. பழக்கம்தான்" என்றேன்.

"இருங்க சாமி" என்றார். "நீங்க எத்தன நாளைக்கு இங்க இருந்து கூப்புடுவீங்க?"

கூரையில் செருகியிருந்த தொரட்டிக்கோலை உருவினார். நீளமான மூங்கில், முனையில் காய் அறுக்கிற அரிவாள். அரிவாள் பக்கத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மொட்டை நுனியைத் தூங்குகிறவர் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கோலின் நுனி அவர் பாதத்தைத் தொட்டது.

கண் திறப்பதற்கு முன்பே கை திறந்துவிட்டது. கோலைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா இழுபட்டு முற்றத்தில் தடுமாறினார். அரிவாள் அந்த அம்மாவின் விலாவை உரசிக்கொண்டு போனது. அந்த அம்மா கோலை விடவில்லை. விட்டிருந்தால் கோலும் அரிவாளும் அந்தக் கைக்குப் போயிருக்கும். மிலிட்டரிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். தண்ணீர்த்தொட்டி அருகே நான் பார்த்த அதே கண்கள்.

"நாந்தானுங்க" என்றார் அந்த அம்மா. கத்தவில்லை. "நாந்தான். கோல உடுங்க."

மழை வலுத்தது. அவர் பார்வை கோலின் வழியாக மெதுவாக ஊர்ந்து வந்தது. அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்துக்கு வந்தார்.

"தெரியுது" என்றார். "நீதான்."

கோலை விட்டார். அந்த அம்மா அதைத் தரையில் போட்டுவிட்டுத் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மழ வருது. உள்ள வாங்க."

"எந்தப் பக்கமா வரட்டும் புள்ள?"

"வலது பக்கமா வாங்க. அந்தக் காதுதான் கேக்கும்."

நான் முற்றத்திலேயே நனைந்துகொண்டு நின்றேன். அந்த அம்மாவுக்கு எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவன், என் நடுக்கம் நிற்பதற்காகக் காத்திருந்தேன்.

சில மாதங்களில் இருவருமே இல்லத்தை விட்டு வந்துவிட்டோம். நான் ஆம்புலன்ஸுக்குத் திரும்பவில்லை. சேந்தமங்கலத்தில் மாமனாரின் உரக்கடையைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் ஊரிலேயே இருக்கிறார். வீட்டை ஒட்டித் தகரம் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் படுத்துக்கொள்கிறார். இதுவரை குடிக்கவில்லை.

போன முறை போயிருந்தபோது அவர் காட்டுக்குப் போயிருந்தார். வீட்டுக் கதவின் உள்பக்கம் புதிதாக, தடியாக ஒரு இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அந்த அம்மா சிரித்தார்.

"அவரேதான் கொண்டாந்து அடிச்சாருங்க. மொதல்ல பயத்துலதான் போட்டுக்குவேன். பொய் சொல்லக்கூடாது. இப்பவும் பயம் இருக்குது. ஆனா ஒரு நா அசதியில போட மறந்து தூங்கிப்போயிட்டேன். காலைல கதவத் தொறந்தா முத்தத்துல கண்ணு செவந்து உக்காந்திருக்கறாரு. என்னங்கன்னு கேட்டா, தாழ் உழுந்த சத்தம் கேக்கலியாம். விடிய விடியத் தூங்கலியாம்."

கொடிக்குக் கட்ட வைத்திருந்த நாரை முடிந்து ஓரமாக வைத்தார்.

"அதுல இருந்து மறக்கறதில்லீங்க. அவரு தூங்கோணும்னு போடறேன். நல்லாச் சத்தம் கேக்கற மாதிரி."